தந்தையின் பாதி

ஜொஹானஸ்பர்க்கை ஒட்டிய சொவேட்டோவில் கறுப்பினத் தம்பதிக்கு வெளிறிய மேனியும் மணல்நிற முடியுமாக ஒரு குழந்தை பிறந்தால், சந்தேகம் முதலில் தாயின் மேல்தான் விழும். யாரோடு போனாய் என்று கணவன் கேட்கலாம். கேட்காமலே வீட்டை விட்டுப் போய்விடலாம். மாமியார் வீட்டில் ஒரு பேச்சு, அக்கம்பக்கத்தில் ஒரு பேச்சு. ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் பதிவுசெய்திருக்கும் செய்தி இது. நிறவெறி ஆட்சிக்கால தென்னாப்பிரிக்காவிலோ அந்தச் சந்தேகத்துக்கு இன்னொரு முனையும் இருந்தது. வெள்ளையருக்கும் மற்றவருக்கும் இடையிலான உடலுறவை 1950ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் குற்றமாக்கியிருந்தது. 1985இல்தான் அது நீக்கப்பட்டது. வெளிர்நிறக் குழந்தையைப் பெற்றவள்மேல் ஊர் சுமத்திய பழி, அந்த நாட்டுச் சட்டப்படி சிறைக்கு அனுப்பத்தக்க குற்றமாகவும் இருந்தது.

இந்தப் பழிக்கு மரபியலில் ஒரு பதில் இருக்கிறது. குழந்தையின் நிறமின்மையில் சரிபாதி தந்தையிடமிருந்து வந்தது. அவர் தன் பாதியைத் தராமல் அந்தக் குழந்தை அப்படிப் பிறந்திருக்கவே முடியாது. வெள்ளைக்காரன் ஒருவனுக்குப் பிறந்திருந்தால் குழந்தை மாநிறமாக இருந்திருக்கும். எந்தத் தோலைக் காட்டித் தாயைக் குற்றம் சொல்கிறார்களோ அந்தத் தோலே அவளுக்காகச் சாட்சி சொல்கிறது. இந்தச் சாட்சியத்தை அறிவியல் எப்படிப் படிக்கக் கற்றுக்கொண்டது, படித்தது யாருக்குப் போய்ச் சேர்ந்தது, யாருக்குச் சேரவில்லை என்பதே இந்தக் கட்டுரை.

இப்படி நிறமின்றிப் பிறக்கும் அல்பினிசம் என்ற நிலைக்குத் தமிழில் நிலைத்த சொல் இன்னும் அமையவில்லை. பலரும் வெண்புள்ளியோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். வெண்புள்ளி பிறந்தபின் எப்போதோ தொடங்குவது. தோலின் நிறச்செல்கள் அழிந்து திட்டுத்திட்டாக வெளுக்கும். அல்பினிசம் பிறவியிலேயே வருவது. நிறச்செல்கள் இருக்கும், அவற்றுக்குள் மெலனின் உருவாவதுதான் தடைப்பட்டிருக்கும். தோலும் முடியும் வெளியே தெரிபவை. வெளியே தெரியாதது கண்ணில் நடக்கிறது. கரு வளரும்போது விழித்திரையின் நடுப்பகுதி கூர்மையாக உருவாகவும், கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பிழைகள் சரியான பக்கத்துக்குப் பிரிந்து போகவும் மெலனின் வேண்டியிருக்கிறது. அது இல்லாதபோது பார்வை மங்குகிறது, விழிகள் ஓயாமல் ஆடுகின்றன, வெளிச்சம் கூசுகிறது. மூக்குக்கண்ணாடி போட்டாலும் இந்தக் குறை முழுதாகத் தீராது.

இனி சொவேட்டோவுக்குத் திரும்பலாம். 1982இல் ஜெனிஃபர் குரோம்பெர்க், ட்ரெவோர் ஜென்கின்ஸ் என்ற இருவர் ஒரு கணக்கெடுப்பை வெளியிட்டார்கள். 8,03,511 பேர் கொண்ட மக்கள்தொகையில் அல்பினிசம் உள்ளவர்கள் 206 பேர். அதாவது 3,900 பேருக்கு ஒருவர். உலக அளவில் சொல்லப்படும் மதிப்பீடு 17,000 முதல் 20,000 பேருக்கு ஒருவர் என்பது.

ஜென்கின்ஸ் பற்றி ஒரு வார்த்தை. வேல்ஸில் பிறந்த மருத்துவர். விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் மனித மரபியல் துறையைக் கட்டியெழுப்பியவர். 1977இல் நிறவெறி எதிர்ப்புத் தலைவர் ஸ்டீவ் பிக்கோ காவலில் இறந்தபோது அவரைப் பார்த்த மருத்துவர்கள் கடமை தவறினார்கள், மருத்துவக் கவுன்சில் அவர்களைக் காப்பாற்றுகிறது என்று நீதிமன்றம் போன ஆறு மருத்துவர்களில் ஒருவர். 1985இல் அந்த வழக்கில் வென்றார்கள். தோலின் நிறத்தைக் கொண்டு மனிதர்களைப் பதிவேட்டில் பிரித்து எழுதிய அரசின் கீழ், தோல்நிறத்தின் மரபணுவைத் தேடியவர் இவர் என்பதை நான் தற்செயலாக எண்ணவில்லை. அந்த ஆய்வகத்துக்கு அந்தக் கேள்வி வெறும் வேதியியல் கேள்வியாக இருந்திருக்க முடியாது.

குரோம்பெர்க் எஸ்மே ஸ்வானே என்ற சக ஆய்வாளரோடு தாய்மார்களிடம் போனார். ஜென்கின்ஸையும் சேர்த்து மூவரும் 1987இல் வெளியிட்ட ஆய்வு, அல்பினிசக் குழந்தையைப் பெற்ற கறுப்பினத் தாய்மார்கள் முதல் நாட்களில் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதைப் பற்றியது. பிள்ளையைத் தூக்கத் தயங்கினார்கள், பால் கொடுக்கத் தயங்கினார்கள். ஒன்பது மாதத்துக்குள் அந்தத் தயக்கம் பெரும்பாலும் கரைந்துவிட்டிருந்தது. இந்த ஒன்பது மாதத்தைப் பற்றி நான் பலமுறை யோசித்திருக்கிறேன். கருவில் சுமந்த அதே அளவு காலம், வெளியே இன்னொரு முறை சுமந்து பிள்ளையைத் தன்னுடையதாக்கிக்கொண்டிருக்கிறார்கள். அதில் எத்தனை வீடுகளில் கணவன் உடன் இருந்தான் என்பது வேறு கதை.

ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதிகளாக இருக்கிறது. ஒன்று அம்மா தந்தது, மற்றது அப்பா தந்தது. அல்பினிசம் ஒடுங்கு மரபு வகையைச் சேர்ந்தது. இரண்டு பிரதிகளும் பழுதானால்தான் வெளிப்படும். ஒன்று பழுதாகி மற்றது நன்றாக இருந்தால் மேனி கறுப்பாகவே இருக்கும். அவர் ஒரு கடத்தி, அவ்வளவுதான். அவருக்கே அது தெரியாது. இரண்டு கடத்திகள் மணந்துகொண்டால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றுக்கு வராது என்று பல பெற்றோர்கள் நம்பிவிடுகிறார்கள். நாணயத்துக்கு முந்தைய சுண்டல் நினைவிருக்காது. ஒவ்வொரு முறையும் அதே நான்கில் ஒன்றுதான்.

3,900க்கு ஒருவர் என்ற கணக்கிலிருந்து கடத்திகளின் எண்ணிக்கையையும் பெறலாம். பழுதான பிரதி மக்கள்தொகையில் எவ்வளவு பரவியிருக்கிறதோ அதன் வர்க்கம்தான் நோய்வீதம். 3,900இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 62. ஆக 62 பிரதிகளுக்கு ஒன்று பழுது. ஆளுக்கு இரண்டு பிரதி என்பதால் 32 பேரில் ஒருவர் கடத்தி. ஜொஹானஸ்பர்க்கில் காலையில் வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஓடும் மினிபஸ் டாக்சிகள் இரண்டை நிறுத்தி எண்ணினால் அதில் ஒருவர் இருப்பார்.

இந்த நிலையை ஆய்வகத்தில் முதலில் வகைபிரித்தது ஒரு தலைமுடி. வேரோடு பிடுங்கிய முடியை டைரோசின் கரைசலில் ஊறவைத்துப் பார்ப்பார்கள். மெலனினைச் செய்யும் நொதியான டைரோசினேஸ் வேரில் இருந்தால் அது கறுக்கும். இல்லாவிட்டால் வெளுத்தே கிடக்கும். ஆப்பிரிக்காவின் அல்பினிசம் உள்ளவர்களிடம் பெரும்பாலும் முடிவேர் கறுத்தது. நொதி இருக்கிறது, ஆனாலும் நிறம் வரவில்லை. எனவே பழுது டைரோசினேஸ் மரபணுவில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது.

எங்கே என்பதற்கு இரண்டு தடயங்கள் கிடைத்தன. ஒன்று, 15ஆம் குரோமோசோமின் ஒரு துண்டு தவறிப்போவதால் வரும் பிராடர்-வில்லி, ஏஞ்சல்மன் என்ற இரு குறைபாடுகள். அந்தக் குழந்தைகளில் பலருக்குத் தோலும் முடியும் குடும்பத்தாரைவிட வெளிறியிருந்தன. மற்றொன்று, எலி. செல்லப்பிராணியாக வளர்ப்பவர்கள் நெடுங்காலமாகப் பேணிவந்த இளஞ்சிவப்புக் கண் எலியின் மரபணு 1992இல் கண்டறியப்பட்டது. அதே ஆண்டு மிஷேல் ராம்சேயும் ஜென்கின்ஸும் உள்ளிட்ட ஜொஹானஸ்பர்க் குழு, தென்னாப்பிரிக்கக் குடும்பங்களின் ரத்தத்தைக் கொண்டு இந்த வகை அல்பினிசத்தின் இருப்பிடத்தை 15ஆம் குரோமோசோமில் நிறுவியது. எலியின் மரபணுவும் மனிதனின் மரபணுவும் ஒன்றுதான் என்பது அடுத்த ஆண்டு உறுதியானது. இன்று அதன் பெயர் ஓசிஏ2.

இருப்பிடத்தைத் தேடும் அந்த முறையில் ஒரு நிபந்தனை உண்டு. குழந்தையின் ரத்தம் மட்டும் போதாது. எந்தக் குறியீடு யாரிடமிருந்து வந்தது என்று பின்தொடரத் தாயின் ரத்தம் வேண்டும், உடன்பிறந்தவர்களின் ரத்தம் வேண்டும், தந்தையின் ரத்தமும் வேண்டும். தந்தை வந்து, உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்து நீட்டிய குடும்பங்கள்தான் ஆய்வுக்கு முழுமையாகப் பயன்பட்டன. ஓசிஏ2 மரபணு கண்டுபிடிக்கப்பட்ட கதையில் எனக்கு மிகப் பிடித்தது பெயர் வெளியே வராத இந்தத் தகப்பன்மார்கள்தான்.

1994இல் அமெரிக்காவில் முரே பிரில்லியன்ட்டின் குழு பழுதையே கண்டுபிடித்தது. மரபணுவின் நடுவே ஏறத்தாழ 2,700 எழுத்துகள் காணவில்லை. அந்தத் துண்டோடு புரதத்துக்கான குறிப்பின் ஏழாம் பகுதி முழுதாகப் போய்விட, அதன்பின் வரும் வாசகம் எல்லாமே தடம்புரண்டு பொருளற்றுப் போகிறது. இந்தப் புரதம் மெலனின் தயாராகும் நுண்பைகளின் சுவரில் இருப்பது. பைக்குள்ளே அமிலத்தன்மை ஏறிவிடாமல் காக்கிறது. அது இல்லாவிட்டால் உள்ளே புளித்துப்போகிறது. புளித்த இடத்தில் டைரோசினேஸ் ஒழுங்காக வேலை செய்யாது. அடுப்பும் இருக்கிறது, விறகும் இருக்கிறது, விறகு ஈரமாகிவிட்டது. மரபணு கண்டறியப்பட்டு இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, 2014இல்தான் இந்த நுட்பம் ஓரளவு தெளிவானது.

வியப்பான செய்தி அடுத்து வந்தது. 1995இலும் 1997இலும் ஜொஹானஸ்பர்க் குழு வெளியிட்ட ஆய்வுகளின்படி, தென் ஆப்பிரிக்கப் பகுதியில் இந்த வகை அல்பினிசத்துக்குக் காரணமான பழுதுப் பிரதிகளில் நான்கில் மூன்றுக்கும் மேல், அதாவது 77 சதவீதம், இதே ஒரே 2,700 எழுத்து இழப்புதான். தான்சானியாவிலும் அதுதான் முதன்மை. சிம்பாப்வேயிலும் அதுதான். கேமரூனிலும் இருக்கிறது. அடிமைக் கப்பல்களில் ஏற்றப்பட்டவர்களின் வழியில் வந்த அமெரிக்கக் கறுப்பினத்தவரிடமும் இருக்கிறது. எங்கு பார்த்தாலும் அறுந்த இடம் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. அக்கம்பக்கத்துக் குறியீடுகளும் பெரும்பாலும் ஒன்றே. தனித்தனியாக இத்தனை இடங்களில் இதே அறுப்பு நேர வாய்ப்பில்லை. எப்போதோ ஒரே ஒரு மனிதரின் உடலில் ஒரே ஒரு முறை நேர்ந்தது அது.

எப்போது? பாண்டு மொழிபேசும் மக்கள் இன்றைய கேமரூன்-நைஜீரிய எல்லைப் பகுதியிலிருந்து சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கிளம்பி, பயிர்த்தொழிலோடும் பின்னர் இரும்போடும் கிழக்கும் தெற்குமாகப் பரவினார்கள். அந்தக் கூட்டங்கள் பிரிவதற்கு முன்பே இழப்பு நேர்ந்திருக்க வேண்டும்; ஆய்வாளர்கள் 2,000 முதல் 3,000 ஆண்டுகள், அதற்கு மேலும் இருக்கலாம் என்று கணித்தார்கள். அந்த முதல் ஆளின் மேனி கறுப்பாகவே இருந்திருக்கும். அவர் பிள்ளைகள் மேனியும் அப்படியே. சொவேட்டோவில் ஒரு தாயும் தந்தையும் தங்கள் குழந்தைக்கு ஆளுக்கொரு பிரதியாகத் தந்தது, பெரும்பாலும் ஒரே மூதாதையிடமிருந்து இரண்டு வழியாக நடந்துவந்த ஒன்று. கணவனும் மனைவியும் மிகத் தொலைவான உறவினர்கள் என்பதற்கு அந்தப் பிள்ளை அத்தாட்சி.

இந்த ஆய்வில் எனக்கு நம்பிக்கை தந்த ஓர் இணைப்பைச் சொல்ல வேண்டும். இயல்பான நிறமுள்ள தென்னாப்பிரிக்கர்களின் மரபணுவை நேரடியாகச் சோதித்தபோது, ஆயிரம் பிரதிகளில் 12, 13 பிரதிகளில் இந்த இழப்பு இருந்தது. முன்பு தலைகளை எண்ணிச் செய்த கணக்கின்படி ஆயிரத்துக்கு 16 பிரதிகள் பழுது. அதில் 77 சதவீதம் என்றால் 12க்குச் சற்று மேல். வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு முறையில் செய்த இரண்டு எண்ணிக்கைகள் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

எண்கள் இப்படி ஒத்துப்போகாத இடங்களும் உண்டு. கென்யாவின் 2019 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 9,729 பேரைக் காட்டியது. அது ஏறத்தாழ 4,900 பேருக்கு ஒருவர். மலாவியின் 2018 கணக்கெடுப்போ 1,34,636 பேர் என்றது. ஒன்றேமுக்கால் கோடி மக்களில் அது 130 பேருக்கு ஒருவர். அப்படியானால் ஆறு பேரில் ஒருவர் கடத்தியாக இருக்க வேண்டும். அண்டை நாடுகளில் அதற்குக் கிட்டத்தில்கூட எதுவும் இல்லை. கேள்வி கேட்ட விதத்திலோ புரிந்துகொண்ட விதத்திலோ பிழை இருக்கிறது என்றே நான் கருதுகிறேன். தோல் களிம்புக்கும் பள்ளி உதவிக்கும் பணம் ஒதுக்கும் அரசுக்கு இந்த வேறுபாடு சின்ன விஷயம் அல்ல.

வீதம் உண்மையிலேயே கூடும் இடங்கள் வேறு. சூலு, கோசா மக்களிடையே உறவுக்குள் திருமணம் விலக்கு. சோத்தோ, ட்ஸ்வானா மக்களிடையே மாமன் மகள், அத்தை மகன், சிற்றப்பன் மகள் வரை விரும்பிச் செய்யும் வழக்கம் உண்டு. மணப்பெண்ணுக்காகக் கொடுக்கும் மாடுகள் குடும்பத் தொழுவத்தை விட்டு வெளியே போகாது என்பது அதன் நியாயம். முறைப்பெண் உரிமையும், நிலம் வெளியே போகக் கூடாது என்ற பேச்சும் கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தென்னாப்பிரிக்க ஆய்வுகளில் சோத்தோ, ட்ஸ்வானா மக்களிடையே வீதம் கூடுதலாகவே காணப்பட்டது. சிம்பாப்வேயின் சாம்பெசிப் பள்ளத்தாக்கில் வாழும் தொங்கா மக்களிடையே பட்ரிஷியா லண்ட் 1990களில் ஆயிரம் பேருக்கு ஒருவரைக் கண்டார். கரிபா அணைக்காக 1950களின் இறுதியில் ஆற்றங்கரையிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட சமூகம் அது. சிறிய கூட்டம், தனித்த வாழ்வு, உள்ளுக்குள்ளே மணவுறவு.

ஆனாலும் கண்டம் முழுதும் ஏன் இத்தனை? அரிவாள்செல் மரபணுவுக்கு விடை தெரியும். ஒரு பிரதி மட்டும் உள்ளவரை அது மலேரியாவிலிருந்து காக்கிறது. 1954இல் ஆந்தனி ஆலிசன் காட்டியது இது. பல இடங்களில் தனித்தனியே தோன்றியது என்று நெடுநாள் நம்பப்பட்ட அந்த மரபணு, ஏறத்தாழ 7,300 ஆண்டுகளுக்கு முன் ஒரே முறைதான் தோன்றியது என்று 2018இல் ஷ்ரைனரும் ரொட்டிமியும் வாதிட்டார்கள். ஓசிஏ2 இழப்புக்கும் அப்படி ஏதேனும் மறைவான நன்மை உண்டா? கடத்திகளுக்குத் தொழுநோய் போன்ற தொற்றிலிருந்து பாதுகாப்பு இருக்குமோ என்று 2012இல் ஒரு கருதுகோள் முன்வைக்கப்பட்டது. அது கருதுகோள்தான். சிறு கூட்டமாகக் கிளம்பியவர்கள் பெரும் மக்களாகப் பெருகியபோது தற்செயலாக உடன் பெருகியது என்பதே எளிய விளக்கம். எனக்கு அதுவே போதுமானதாகத் தோன்றுகிறது.

இதே மரபணுவின் இன்னொரு முகத்தையும் சொல்லியாக வேண்டும். ஐரோப்பியரின் நீலக் கண் ஓசிஏ2வின் வேலைதான். பக்கத்து மரபணுவான ஹெர்க்2வுக்குள் ஒரே ஓர் எழுத்து மாறி, ஓசிஏ2வின் குரலைக் கண்ணில் தணித்துவிடுகிறது. 2008இல் இதைக் கண்டார்கள். குரல் தணிந்தால் ஓரிடத்தில் அழகு என்று பாடுகிறார்கள். முற்றிலும் அடங்கினால் இன்னோர் இடத்தில் கையை வெட்டி எடுக்கிறார்கள்.

கொலைகளைப் பற்றிச் சுருக்கமாகவே எழுத முடிகிறது. 2000களின் நடுப்பகுதியிலிருந்து தான்சானியாவில், குறிப்பாக விக்டோரியா ஏரியைச் சுற்றிய மாவட்டங்களில், அல்பினிசம் உள்ளவர்களின் உறுப்புகள் செல்வம் தரும் என்று நம்பவைத்து விற்கப்பட்டன. 2008இல் பிபிசி செய்தியாளர் விக்கி ந்தேத்தேமா மந்திரவாதிகளிடம் மாறுவேடத்தில் சென்று அந்த வணிகத்தை வெளியே கொண்டுவந்தார். அதன்பின் அவரே மறைந்து வாழ நேர்ந்தது. ஐ.நா. பொதுச்சபை 2014இல் ஜூன் 13ஐ அல்பினிச விழிப்புணர்வு நாளாக அறிவித்தது. மறு ஆண்டு நியமிக்கப்பட்ட தனி வல்லுநர் இக்போன்வோசா இரோ நைஜீரியர். தாமே அல்பினிசம் உள்ளவர். சுவாஹிலியில் ஆவியையும் குறிக்கும் 'சேரு சேரு' என்ற வசைச்சொல்லை ஒதுக்கி, அல்பினிசம் உள்ளவர்கள் என்று பொருள்படும் 'வாட்டு வென்யே உவல்பினோ' என்ற தொடரை அங்குள்ள சங்கங்கள் வழக்கத்துக்குக் கொண்டுவந்தன.

அல்பினிசம் உள்ளவர்கள் சாவதில்லை, மறைந்துபோகிறார்கள் என்று தென்பகுதி ஆப்பிரிக்காவில் ஒரு நம்பிக்கை. இந்த நம்பிக்கைக்கு வேர் எங்கே என்று யோசித்தால் எனக்குத் தோன்றுவது இதுதான்: அவர்கள் உண்மையிலேயே சீக்கிரம் காணாமல் போனார்கள். முதுமையில் யாரும் அவர்களைப் பார்த்ததில்லை. காரணம் வெயில்.

நைஜீரியாவில் ஒகோரோ 1975இல் வெளியிட்ட ஆய்வில், 20 வயதைக் கடந்த எவருடைய தோலும் புற்றோ புற்றுக்கு முந்தைய புண்ணோ இல்லாமல் இருக்கவில்லை. தார் எஸ் சலாம் நகரின் ஓஷன் ரோடு மருத்துவமனையிலிருந்து 1985இல் வந்த ஆய்வு, முற்றிய தோல் புற்று முப்பதுகளில் உச்சம் தொடுவதைக் காட்டியது. சோளக்கொல்லையில் குனிந்து களையெடுக்கும் கழுத்து, சந்தையில் நிழலில்லாமல் உட்காரும் முகம், தொப்பி சீருடையில் சேராது என்று ஆசிரியர் கழற்றச் சொன்ன தலை. ஜொஹானஸ்பர்க்கில் 1989இல் 111 பேரைப் பரிசோதித்தபோது 23 சதவீதத்தினருக்குத் தோல் புற்று இருந்தது, பெரும்பாலும் தலையிலும் முகத்திலும். மிகக் கொடியதான மெலனோமா அவர்களிடம் அரிது. பெரும்பாலும் செதிள்செல் புற்று. அதாவது நேரத்தோடு பார்த்தால் சிறு அறுவையில் அகற்றிவிடக்கூடியது. இறப்பின் காரணம் நோயின் மூர்க்கம் என்பதைவிட மருத்துவமனையின் தூரம்.

அந்த ஜொஹானஸ்பர்க் ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. சிலருக்கு வெயில் படும் இடங்களில் கரும்பழுப்பு மச்சத் திட்டுகள் படர்கின்றன. அவர்களுக்குப் புற்று வரும் அபாயம் குறைவு. திட்டு உள்ளவர் குடும்பத்தில் திட்டு, இல்லாதவர் குடும்பத்தில் இல்லை. ஒரே 2,700 எழுத்து இழப்பு உள்ளவர்களிடையே இது ஏன் மாறுகிறது என்பது இன்னும் முழுதாகத் தெளிவாகவில்லை. செம்பழுப்பு மேனியும் இஞ்சிநிற முடியுமாக வரும் மற்றொரு வகையை 1997இல் பிரஷீலா மங்கா உள்ளிட்டோர் டைர்பி1 என்ற வேறொரு மரபணுவில் கண்டார்கள். அவர்களை வெயில் அவ்வளவாக வாட்டுவதில்லை.

கிளிமஞ்சாரோ மலையடிவார நகரமான மோஷியில், கிறிஸ்தவ மருத்துவ மையம் ஒன்றின் வளாகத்திலேயே 'கிலிசன்' என்ற வெயில்காப்புக் களிம்பைத் தயாரிக்கிறார்கள். நடமாடும் மருத்துவக் குழுக்கள் கிராமங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கின்றன. தோலைப் பார்க்கின்றன, புண் இருந்தால் உறைய வைத்து அகற்றுகின்றன. ஐரோப்பியக் கடைகளில் கடற்கரை விடுமுறைக்கு வாங்கும் பொருள் அங்கே உயிர் மருந்து. மரபணு ஆய்வுக்குச் செலவிடும் ஒவ்வொரு பணத்தோடும் களிம்புக்கும் தொப்பிக்கும் ஒரு பங்கு கட்டாயம் சேர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வகுப்பறையில் கரும்பலகைக்கு அருகே, சன்னலுக்கு முதுகு காட்டி ஓர் இருக்கை போடுவதற்கு அந்தப் பணமும் தேவையில்லை.

பெரிய படத்துக்கு வந்தால், ஆப்பிரிக்க மரபணுக்களைப் படிப்பதில் உலகம் காட்டிய அலட்சியம் எல்லோருக்குமான இழப்பு. 2019இல் தொகுத்துச் சொன்னபடி, நோய்-மரபணுத் தொடர்பு ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் 78 சதவீதம் ஐரோப்பிய வழியினர். ஆப்பிரிக்கர் 2 சதவீதம். மனிதகுலத்தின் மரபணு வேறுபாடுகள் மிகுதியாக இருப்பதோ ஆப்பிரிக்காவில். 2020இல் 426 பேரின் மரபணுத்தொகுதியை மட்டும் படித்த ஹெச்3ஆப்பிரிக்கா கூட்டமைப்பு, அதுவரை யாரும் பதிவுசெய்திராத 30 லட்சத்துக்கும் மேற்பட்ட மாற்றங்களைக் கண்டது. பிறவிச் செவிடுக்கு ஐரோப்பாவில் முதலில் சோதிக்கும் மரபணு கனெக்சின் 26. கானாவின் அடமொரோபே கிராமத்தில் செவிடுக்குக் காரணம் அதே மரபணுவின் வேறொரு மாற்றம் என்று 1998இல் தெரிந்தது. ஆப்பிரிக்காவின் பிற பகுதிகளிலோ அந்த மரபணுவில் எதுவும் அகப்படுவதே அரிது. ஐரோப்பியச் சோதனையை அப்படியே இறக்குமதி செய்தால் 'ஒன்றுமில்லை' என்ற தாள்தான் மிஞ்சும். மறுபுறம், பிசிஎஸ்கே9 மரபணுவின் ஒரு பிரதி செயலிழந்த ஆப்பிரிக்க வழியினருக்குக் கெட்ட கொழுப்பும் மாரடைப்பும் வெகுவாகக் குறைந்திருந்ததை 2006இல் டல்லாஸ் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பிறவியிலேயே அந்த மரபணு இரு பிரதியும் இயங்காத, நலமான ஓர் இளம்பெண் சிம்பாப்வேயைச் சேர்ந்தவர். அதை வைத்து உருவான ஊசிமருந்து 2015இல் சந்தைக்கு வந்தது. அது விற்கும் விலையில் ஹராரேயில் எத்தனை பேர் போட்டுக்கொள்ள முடியும்?

இன்று ஜொஹானஸ்பர்க்கில் கருவிலேயே அல்பினிசத்தைச் சோதித்துச் சொல்ல முடியும். ஒரே இழப்பு பரவலாக இருப்பதால் சோதனை எளிது. அந்த எளிமைதான் என்னை உறுத்துகிறது. தாயின்மேல் விழுந்த பழியைத் துடைத்த அதே சோதனை, பிள்ளை பிறக்காமல் தடுக்கவும் பயன்படும். அறிவுக்குக் குறைவில்லாமல், நிழலும் களிம்பும் கிடைத்தால் முதுமை வரை வாழக்கூடிய ஒருவரைப் பற்றிய முடிவு அது. சுந்தியாட்டா பேரரசரின் வழிவந்த குடும்பத்தில் பிறந்த மாலியின் பாடகர் சலிஃப் கெய்ட்டாவும் அல்பினிசம் உள்ளவர்தான். முடிவு பெற்றோருடையது, அதில் நான் நுழைய மாட்டேன். ஆனால் ஆலோசகர் பெற்றோரின் முன் வைக்கும் தகவலில், வளர்ந்து வாழ்ந்துகொண்டிருக்கும் அல்பினிசம் உள்ள ஒருவரின் குரலும் இருக்க வேண்டும்.

சோதனையின் எளிமைக்கு ஓர் எல்லையும் உண்டு. தென் ஆப்பிரிக்கப் பகுதியில் 77 சதவீதம் என்றால் மீதி 23 சதவீதம் வேறு பழுதுகள்; ஒவ்வொன்றும் அரிது, ஒவ்வொன்றும் வேறு இடத்தில். மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் அந்த 2,700 எழுத்து இழப்பின் பங்கு மூன்றில் ஒன்றையும் எட்டவில்லை. அங்கே ஒரு தாயும் தந்தையும் குழந்தையோடு சோதனைக்கு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தாயிடம் இழப்பு இருக்கிறது. தந்தையின் தாளில் 'இல்லை' என்று வருகிறது. அவர் அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், பார்த்தீர்களா, என்னிடம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம். அந்தத் தாளுக்குப் பொருள் அதுவல்ல. தெரிந்த அந்த ஒரு பழுது அவரிடம் இல்லை என்பது மட்டுமே. மூன்றரை லட்சம் எழுத்துகள் நீளமுள்ள அந்த மரபணுவில் அவர் தந்த பாதி எங்கோ இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க மரபணுவை முழுதாகப் படிக்க வேண்டும். அந்த நாட்டின் மருத்துவமனைகளில் அதற்கு வசதி வரும்வரை, அவருடைய தாளில் எழுதியிருப்பதற்கு என்ன பொருள் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஓர் ஆள் வேண்டும். அவர் சொல்லும்போது மாமியாரும் அங்கே இருக்க வேண்டும்.